வெள்ளி நிறக் காரின் மதிப்பு தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி லொரெய்ன் பட்டர்வர்த்,
26, டிப்பெட் லேன்,
ஸ்கெல்பெக், யார்க்‌ஷயர்.

பெறுநர்:
தலைமை வருவாய் அலுவலர் அவர்கள்,
வீட்டு வரிப் பிரிவு,
நகர மன்ற அலுவலகம், ஸ்கெல்பெக்.

பொருள்: வீட்டு வரி பாக்கிக்காக ஜப்தி செய்யப்பட்ட எங்கள் காரை விற்காமல் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அமீனா 20.10.2015 அன்று எங்கள் சமையலறை மேசையில் எழுதிய பொருட்பட்டியல்.
2. ஐம்பத்தொரு நிமிடம் இசை கேட்ட பின் 9.11.2015 அன்று தங்கள் தொலைபேசிப் பிரிவு வழங்கிய அறிவுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

தொலைபேசியில் பேசிய பெண், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, நம்பர் போட்டுக் குடுங்க, அப்பத்தான் மேல அனுப்ப முடியும்" என்றார். எழுத்தில் தருகிறேன், எண்ணும் போட்டிருக்கிறேன். இதைப் படிக்கத் தங்களுக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆகும். தேநீரைப் பற்றிக் கீழே ஏழாவது பத்தியில் வருகிறது.

1. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, காலை உணவு வைத்துவிட்டு வருவது என் வேலை. மேட்டுப்பக்கக் கிராமங்களில் ஒன்பது வீடுகள். முதல் வீட்டில் காலை ஆறரைக்கு இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பேருந்து எட்டே காலுக்கு. எனவே கார் எனக்குக் கால் மாதிரி. 2004ஆம் ஆண்டு தயாரிப்பு, வெள்ளி நிற வாக்ஸ்ஹால். இந்த மனு முழுவதும் அதற்காகத்தான்.

2. என் கணவர் கிளைவ் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதை மூடினார்கள். கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள். அந்த டப்பாவில் இப்போது துணி கிளிப்புகள் இருக்கின்றன. அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அறுபத்தொரு வயது ஆளை யார் எடுக்கிறார்கள்?

3. கடன் அப்படித்தான் வந்தது. எல்லாம் சோற்றுக்கு வாங்கிய கடன் என்று எழுத ஆசைதான். ஆனால் தவணையில் வாங்கிய சோபாவும் அதில் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இரண்டு கிரெடிட் கார்டு, தபாலில் பொருள் அனுப்பும் ஒரு கடை, ஒரு சொந்தக் கடன், சோபா கடை, கணக்கில் இருந்ததற்கு மேல் எடுக்கவிட்ட வங்கி ஆகிய ஆறு பேருக்குமாகப் பதினான்காயிரத்து இருநூற்று எண்பது பவுண்டு. தொலைபேசி மணி அடித்தாலே கிளைவ் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதுபோல் நின்றுவிடுவார். நான் எடுத்து, இன்னும் வராத சம்பளத்தைத் தருவதாகச் சொல்லிச் சமாளிப்பேன்.

4. 2013 செப்டம்பரில் ஓர் அறநிறுவனத்தின் கடன் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்தோம். கட்டணம் கிடையாது. மாதம் ஒரே தொகையை அவர்களிடம் கட்ட வேண்டும். அவர்கள் அதைப் பிரித்து ஆறு பேருக்கும் அனுப்புவார்கள். ஆறு பேரும் வட்டியை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். சேரும்போது ஒரு படிவம் நிரப்பினோம். மாதத்துக்கு எத்தனை முறை முடி வெட்டுகிறீர்கள், காலணிக்கு என்ன செலவு, பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அன்றிலிருந்து என் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன். பார்த்தால் தெரியும். எல்லாம் போக மாதம் நூற்றுப் பத்தொன்பது பவுண்டு கட்டலாம் என்று கணக்கு வந்தது. பத்து ஆண்டுகளில் முடிந்துவிடும். இருபத்தாறு மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டினோம். இந்த ஒரு விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

5. அங்கே எங்கள் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஜெம்மா என்ற பெண் நல்லவள். முதல் நாளே எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். "லொரெய்ன், கடன்காரங்க லெட்டர் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அதைப் படிச்சிட்டு அழுதுக்கிட்டு இருக்காதீங்க. ஒரு பையில போட்டு வைங்க, மாசம் ஒரு தடவை மொத்தமா எங்களுக்கு அனுப்பிடுங்க. பார்க்கறது எங்க வேலை." ஐயா, அன்றைக்குத்தான் நான் இரண்டு வருடத்துக்குப் பிறகு முழுத் தூக்கம் தூங்கினேன். கதவுப் பின்புறக் கொக்கியில் ஒரு பாலிதீன் பை மாட்டினோம். பழுப்பு உறை எது வந்தாலும் திறக்காமல் அதற்குள். மாதக் கடைசியில் கிளைவ் அதைக் கட்டி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோவார். தங்கள் அலுவலகமும் பழுப்பு உறையில்தான் அனுப்புகிறது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

6. வரி ஏன் நின்றது என்று தாங்கள் கேட்கலாம். திட்டப்படி, நாம் கடன்பட்ட வங்கியில் சம்பளத்தைப் போட்டுவைக்கக் கூடாது, அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இந்த மே மாதம் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினோம். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் தொகைகள் பத்து. ஒன்பதை மாற்றினேன். விட்டுப்போன ஒன்று தங்களுடைய வீட்டு வரி. தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஜூன் மாதக் கடைசியில் கணக்கில் நூற்று ஒன்பது பவுண்டு மிஞ்சியிருந்தது. ஜூலையிலும் மிஞ்சியது. "பார்த்தியா கிளைவ், திட்டம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு" என்றேன் நான். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடையில் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கிக் கடற்கரைக்காரர்கள்போல் காகிதத்திலேயே வைத்துச் சாப்பிட்டோம். கிளைவுக்குக் கண்ணாடி மாற்றினோம். அது வரிப்பணம் என்று எங்களுக்குத் தெரியாது. தங்கள் நினைவூட்டல், இறுதி அறிவிப்பு, நீதிமன்ற அழைப்பு, அமீனா வருவதற்கான முன்னறிவிப்பு எல்லாம் ஒழுங்காகவே வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒழுங்காகவே பையில் போட்டிருக்கிறோம். ஒரு தவணை தவறினால் ஆண்டு முழுவதற்கும் உரிய வரியை ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்ற விதியை நான் அமீனா வாயால்தான் முதன்முதலில் கேட்டேன்.

7. அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. மதியம் ஒருவர் கதவைத் தட்டினார். அட்டையைக் காட்டித் தன் பெயர் டக்கர் என்றார். "வீட்டு வரி விஷயமா வந்திருக்கேம்மா" என்றார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான், "அட, இப்படி நனைஞ்சு போய் நிக்கிறீங்களே, முதல்ல உள்ள வாங்க" என்று சொல்லிக் கெட்டிலைப் போட்டேன். நகர மன்றத்திலிருந்து ஆளை நேரில் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். இரண்டு கரண்டி சர்க்கரை, பால் அதிகம். பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்: நான் கதவைத் திறந்து கூப்பிட்டிருக்காவிட்டால் அவரால் வாசலைத் தாண்டியிருக்க முடியாதாம். பூட்டிய கார் கொட்டகைக்குள்ளும் போயிருக்க முடியாதாம். இருக்கட்டும். இந்த ஊரில் மழையில் நனைகிறவரை வாசலில் நிறுத்திவைத்துப் பேசியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாரும் இல்லை.

8. இந்தப் பத்தியைத்தான் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். திரு. டக்கர் தேநீரைக் குடித்துக்கொண்டே, "கார் எதுவும் இருக்குதா சார்?" என்று கிளைவிடம் கேட்டார். என் கணவரோடு ஒரு வெளி ஆள் உட்கார்ந்து பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "இருக்குதாவா? வாங்க, காட்டறேன்" என்று சமையலறை வழியாகக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். போர்த்தியிருந்த பழைய பெட்ஷீட்டை எடுத்தார். ஐயா, கிளைவ் ஞாயிறுதோறும் அந்தக் காரைக் கழுவுகிறவர். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர். சக்கரத்து ஆணிகளுக்குப் பழைய பல் துலக்கி. வேலை போன பிறகு அவருக்கு வாரத்தில் நிச்சயமாக இருந்த வேலை அது ஒன்றுதான். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஆயிரத்து முந்நூறு போகும்" என்றார் திரு. டக்கர்.

"ஆயிரத்து முந்நூறா? என்ன சார், வாய் கூசாம சொல்றீங்க! குனிஞ்சு கதவுக்கு அடியில பாருங்க, ஒரு பொட்டுத் துரு இருக்கா? ஆயிரத்து ஐநூறுக்கு ஒரு பென்னி குறையாது."

"சரி சரி. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆயிரத்து நானூறுன்னு போட்டுக்கறேன்."

கைகுலுக்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த கிளைவின் முகத்தைப் பார்த்தேன். பேரத்தில் ஜெயித்த முகம். தொழிற்சாலை மூடியபின் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தொழிலுக்கு வேண்டிய பொருள் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது பவுண்டுக்குள் இருந்தால் அமீனா அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். இதுவும் நூலகத்தில் படித்ததுதான். நாங்கள் ஐம்பது பவுண்டு அதிகமாகிவிட்டோம்.

9. திரு. டக்கர் உட்கார்ந்து மிச்சத் தேநீரைக் குடித்தார், கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அதன் பிறகே தாள்களை எடுத்தார். வரி, நீதிமன்றச் செலவு, அவர் வந்ததற்கான இருநூற்று முப்பத்தைந்து எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு பவுண்டு. ஒரு வாரத்தில் பாதியைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கார். நான் கையெழுத்துப் போட்டேன். போகும்போது, "டீ ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அவரும் யாரோ சொன்னதைச் செய்கிறவர்.

10. அன்றே ஜெம்மாவைக் கூப்பிட்டேன். வீட்டு வரி திட்டத்தில் சேராது, அதைத் தனியாகக் கட்ட வேண்டும் என்றாள். "இதை ஆகஸ்ட்லயே உங்களுக்கு எழுதினோமே லொரெய்ன். உங்க பையில நகர மன்றத்து லெட்டர் இருந்துச்சு, உடனே அவங்களைக் கூப்பிடுங்கன்னு." எனக்கு வரவில்லை என்றேன். தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்திருக்கு. அதையும் பிரிக்காம பையில போட்டு எங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றாள். அவர்கள் உறையும் பழுப்பு. ஐயா, நான் சிரித்துவிட்டேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வந்த சிரிப்பு அது. அந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

11. பணம் புரட்ட முடியவில்லை. அக்டோபர் 30ஆம் தேதி காலை லாரி வந்தது. எதிர்வீட்டு மேவிஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "என்ன லொரெய்ன், பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கறீங்களா?" என்றாள். "ஆமா, உனக்கும் ஒண்ணு சொல்லி வைக்கட்டுமா?" என்றேன். உள்ளே வந்து கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். கிளைவ் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே நின்றார். நான்காக, எட்டாக, மடிக்க முடியாத அளவுக்கு மடித்தார்.

12. இப்போதைய நிலை: நடந்து போகக்கூடிய இரண்டு வீடுகளை மட்டும் எனக்கு விட்டுவைத்து, மற்ற ஏழையும் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். மேட்டுப்பக்கத்தில் திஸில்வுட் என்று தொண்ணூற்றொரு வயதுக்காரர் இருக்கிறார். அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்ன கண்ணு, என்மேல கோபமா? புதுசா வர்ற பொண்ணு சாக்ஸை மாத்தி மாத்திப் போட்டு விடுது" என்றார். கோபமில்லை, கார்தான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, காய்ச்சல் என்றேன். மாதம் எண்ணூற்று நாற்பது பவுண்டாக இருந்த என் சம்பளம் இருநூற்றுப் பத்தாகிவிட்டது. நூற்றுப் பத்தொன்பதை இனிக் கட்ட முடியாது. ஜெம்மா மறுபடி படிவத்தை நிரப்பினாள். ஒவ்வொரு கட்டத்திலும் சைபர் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், திட்டத்தை அறுக்காமல் வைத்திருக்க ஆளுக்கு மாதம் ஒரு பவுண்டு, ஆறு பேருக்கு ஆறு பவுண்டு என்று முடிந்தது. வட்டி போட மாட்டார்கள் என்று இனி அவளால் உறுதி சொல்ல முடியாதாம். வட்டி இல்லாமலே மிச்சக் கடன் அடைய நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். முடியும்போது எனக்கு இருநூற்றுப் பதிமூன்று வயது. அன்றைக்கு ஒரு மீன் வறுவல் வாங்கிக்கொள்வதாக உத்தேசம்.

13. ஆகவே ஐயா, கார் இன்னும் விற்கப்படவில்லை என்றால் அதை நிறுத்திவைத்து எங்களிடம் திருப்பித் தர வேண்டுகிறேன். கார் வந்தால் ஒன்பது வீடும் வரும். ஒன்பது வீடும் வந்தால் தங்கள் வரியை மாதம் நூறு வீதம் கட்டுகிறேன், திட்டத்தையும் தொடர்கிறேன். கார் இல்லாவிட்டால் தங்களுக்கும் கிடைக்காது, ஆறு பேருக்கும் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆனாலும் மனு வெற்றி பெறும் என்று நினைத்து நான் இதை எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

– – –

ஐயா, மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்து, தபாலில் சேர்க்க வைத்திருந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை தங்கள் தரப்பிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பழுப்பு உறை. இப்போதெல்லாம் வாசலிலேயே கிழித்துப் பார்த்துவிடுகிறேன்.

கார் 12ஆம் தேதி ஏலத்தில் போய்விட்டதாம். ஐந்நூற்று இருபது பவுண்டுக்கு. இழுத்துப்போன கூலி, நிறுத்திவைத்த வாடகை, அமீனா கட்டணம், ஏலக் கட்டணம் எல்லாம் கழித்து எங்கள் வரிக் கணக்கில் சேர்ந்தது அறுபத்து மூன்று பவுண்டு. மிச்சத்தைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்நூற்று இருபது பவுண்டு பெறும் காரைத் தொழிலுக்கு வைத்திருப்பவரிடமிருந்து எடுக்கக் கூடாதே என்று உடனே தொலைபேசியில் கேட்டேன். இம்முறை முப்பத்தெட்டு நிமிட இசை. "பட்டியல் எழுதின அன்னிக்கு என்ன மதிப்போ அதுதாம்மா கணக்கு. ஓனரே ஒத்துக்கிட்டதா இதுல எழுதியிருக்கே" என்றார்கள். ஓனர் யார், எப்படி ஒத்துக்கொண்டார் என்பது எட்டாவது பத்தியில் இருக்கிறது.

பதின்மூன்றாவது பத்தியிலுள்ள கோரிக்கையை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். கார் வராது. மதிப்பைத் திருத்தச் சொல்லி வழக்காடலாம் என்று நூலகத்துப் பெண் சொல்கிறார். வழக்காட எனக்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்கிறேன். இதற்குத் தங்களுக்கு ஒரு பென்னிகூடச் செலவாகாது.

என் கணவர் அந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. கதவிலுள்ள அஞ்சல் துவாரம் சத்தம் போட்டால் மாடிக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை காலிக் கொட்டகையில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "அந்தாளு ஆயிரத்து முந்நூறுன்னு சொன்னப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, காரு இங்கதானே நின்னிருக்கும் லொரெய்ன்?" என்று கேட்டார். சட்டத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. நூலகப் புத்தகத்தை மேசையில் விட்டுப்போனது என் முட்டாள்தனம். "அப்படியெல்லாம் இல்லை, வாங்க, ஆறிடும்" என்றேன். அவர் நம்பவில்லை. மனைவி சொன்னால் நம்ப மாட்டார், அலுவலகம் எழுதினால் நம்புவார். முப்பத்தொரு ஆண்டுகள் அறிவிப்புப் பலகையைப் படித்து வேலை பார்த்தவர் அவர்.

எனவே தங்கள் அலுவலகத் தலைப்புத் தாளில், திரு. கிளைவ் பட்டர்வர்த் என்ற பெயருக்கு, ஒரு கடிதம் எழுதுங்கள். காரின் மதிப்பை அலுவலர் மட்டுமே நிர்ணயிப்பார், உரிமையாளர் சொல்லும் தொகை கணக்கில் எடுக்கப்படாது, அவர் பேசாமல் இருந்திருந்தாலும் கார் போயிருக்கும் என்று இரண்டு வரி போதும். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். ஐந்நூற்று இருபது என்ற தொகையை மட்டும் அதில் குறிப்பிட வேண்டாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தொகை ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்ற விதி இருந்தால் ஆயிரத்து நானூறு என்றே எழுதிவிடுங்கள். நல்ல நிலையில் பராமரிக்கப்பட்ட வண்டி என்றும் ஒரு வார்த்தை சேர்த்தால் நன்றாக இருக்கும். அது உண்மை.

பழுப்பு உறையில் அனுப்பினால் அவர் திறக்க மாட்டார். தங்களிடம் வேறு உறை இருக்காது என்பதால் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கள் கருணைக்குக் காத்திருப்பதாக எழுதுவது வழக்கம். நான் கடிதத்துக்கு மட்டும் காத்திருக்கிறேன்.

இடம்: ஸ்கெல்பெக்
நாள்: 17.11.2015

மனுதாரர்,
(ஒப்பம்) லொரெய்ன் பட்டர்வர்த்

இணைப்பு: வெள்ளை உறை – ஒன்று. திரு. கிளைவ் பட்டர்வர்த் பெயர் எழுதி, அஞ்சல்தலை ஒட்டப்பட்டது.